பூணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு முடி

போன மாதம் பட்டறைக்கு வந்திருந்தபோது, பூண் வேலையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி ஒருவன் தான் முடித்த கத்தியை என் கையில் தந்து, "எப்படி இருக்கு பெரியப்பா?" என்று கேட்டான். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிறகு அவன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கினேன். அவன் "அய்யோ!" என்றான். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்த முடியைப் பித்தளைக்கும் மரத்துக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. "நல்ல வேலை மக்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அது என்ன முடி என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கிழவனுக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பீர்கள். கேட்டிருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால் இப்போது எழுத வேண்டியதாயிற்று. நான் படித்தது நாலாம் கிளாஸ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிவபெருமான் கிருபையில் கண்தான் மங்கியிருக்கிறது, நினைவுக்குக் கேடு வரவில்லை.

நம்முடைய ஜில்லா மதராசோடு சேருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்த விஷயம் இது. பட்டறை அப்போது வடசேரிச் சந்தைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகையில் இருந்தது. ஒரு பக்கம் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிற உலை. மறுபக்கம் சவரக்கத்தி வேலை. யுத்தம் முடிந்தும் புதிய ஜெர்மன் கத்தி எளிதில் கிடைக்கவில்லை. நாவிதர்களிடம் இருந்த பழைய கத்திகளில் இரும்பு நன்றாக இருக்கும், பிடிதான் உடைந்து போயிருக்கும். அந்த அலகுகளை வாங்கிச் சாணை பிடித்து, புதிய மரப்பிடி போட்டு விற்போம்.

சவரக்கத்தியின் பிடி என்பது இரண்டு மெல்லிய மரச் சில்லுகள். அலகு அவற்றின் நடுவே மடங்கிப் படுத்துக்கொள்ளும். அலகு திரும்புகிற முனையில் மரம் பிளந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் பித்தளை வைத்து, குறுக்கே ஆணி செருகி, ஆணியின் இரண்டு தலையையும் தட்டிப் பரத்த வேண்டும். அதுதான் பூண். நீங்கள் இப்போது சமையல் கத்திக்குப் போடுவதும் அதே சங்கதிதான், கொஞ்சம் பெரிசு. எப்படி அடிப்பது என்று நான் எழுதப் போவதில்லை. அதைக் காகிதத்தில் படித்துக் கற்றவன் யாரும் இல்லை.

மரம் என் வேலை. பூவரசம் பலகையை அறுத்து, இழைத்து, சில்லாக்கி, உலைக்கு மேலே உள்ள பரணில் அடுக்குவேன். பூண் ஞானமுத்துவின் வேலை. அவர் திருவட்டாறுப் பக்கத்துக்காரர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபையில் பாடுகிறவர். வேலை நாளிலும் அந்தப் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டேதான் சுத்தியலைப் பிடிப்பார். பித்தளையில் அவர் தட்டுவது, பல் போனவர்கள் உரலில் வெற்றிலை இடிக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கொட்டகையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் முதலாளி பெரிய பக்திமான். நவராத்திரியில் அஷ்டமி சாயங்காலம் கருவிகள் அத்தனையும் பூஜைக்குப் போகும். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. கருவிகளோடு, அரைவேலையில் நிற்கிற பொருளும் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் நான் இழைத்து வைத்த சில்லுகளும் கூடையோடு போகும். விஜயதசமி அன்று அந்தச் சில்லுகளில் பூண் அடித்துத்தான் முதல் வேலை தொடங்கும். அந்தக் கத்திகளின் பூண் ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி குத்துவோம். நாவிதர்கள் அதைப் 'பூஜைக் கத்தி' என்று தேடி வந்து வாங்குவார்கள். குழந்தைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைச் சவரம் என்று நல்ல காரியங்களுக்கு அதைத்தான் எடுப்பார்கள்.

பூஜை முன்பெல்லாம் பட்டறைக்குள்ளேயே, உலைக்குப் பக்கத்தில்தான் நடக்கும். நான் சொல்லுகிற வருஷம்தான் முதலாளி தம் வீட்டை ஒட்டிப் புதிதாக ஒரு பூஜை அறை கட்டி முடித்திருந்தார். கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, ஒரு சின்னக் கதவு போட்டு, அடக்கமாக இருக்கும். அவருடைய வெகுநாள் ஆசை அது. கருவியெல்லாம் அங்கேதான் போயிற்று. ஞானமுத்து தம் சின்னச் சுத்தியலைத் தாமே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்க சுத்தியலு ரெண்டு நாளு உங்க சாமிக்க கிட்ட இருந்துட்டு வரட்டு வே. ஞாயித்துக்கிழமை நான் எங்க கோயிலுக்குக் கொண்டு போறேன். ரெண்டு எடத்துலயும் சிபாரிசு இருந்தா அதுக்கு நல்லதுதானே?" என்றார்.

அந்த விஜயதசமி மழையோடு விடிந்தது. கதவைத் திறந்தபோது, சில்லுகளின் மேல் வைத்த சந்தனப் பொட்டு வைத்தது வைத்தபடி குளிர்ச்சியாக இருந்தது. பூவும் வாடவில்லை. முதலாளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சந்தனம் காயாமல் இருந்தால் அம்பாள் மனம் குளிர்ந்திருக்கிறாள் என்று அர்த்தமாம். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும் பட்டேன். ஞானமுத்து உட்கார்ந்து பூண் அடித்தார். ஐப்பசி முடிவதற்குள் அத்தனை பூஜைக் கத்தியும் விற்றுப் போயிற்று.

மழை ஓய்ந்தது. பொங்கலும் கழிந்தது. ஒரு நாள் காலையில் ஆரல்வாய்மொழியிலிருந்து மாடசாமி என்ற நாவிதர் வந்தார். எங்களிடம் வழக்கமாக வாங்குகிறவர். வந்தவர் உட்காரவில்லை.

"மொதலாளி, மாப்பிள்ளை ஓடப் பாத்தான்."

"யாரு மாப்பிள்ளை? எங்க ஓட?"

"மணையிலேருந்துதான். மாப்பிள்ளைச் சவரம். சுத்தி அத்தன சொந்தக்காரனும் நிக்கான். காதோரம் கிருதாவை வழிச்சிட்டு இருக்கேன். 'யோவ், சிரைக்கீரா, புடுங்குகீரா'ன்னு ஒரு அலறல். பொம்பளையளு எல்லாம் சிரிக்கா. மச்சினன்காரன் சொல்லுகான், 'அத்தானுக்குத் தாலி கெட்ட பயமில்ல, கத்திக்குத்தான் பயம்'னு. நான் எங்க போய் முகத்தை வைக்க?"

கத்தியை விரித்து மேசையில் வைத்தார். பூண் பித்தளையின் விளிம்பு மரத்தைவிட்டு இலேசாக எழும்பியிருந்தது. அந்த இடுக்கில் சோப்பும் கறுப்பு முடியும் சிக்கிக் கிடந்தன. விளிம்பு ஓரத்தில் பிள்ளையார் சுழி.

அடுத்து, பக்கத்து ஊரான தோவாளையிலிருந்து ஒன்று வந்தது. பிறகு ஆரல்வாய்மொழியிலிருந்தே இன்னும் இரண்டு மூன்று. எல்லாவற்றிலும் அதே இடுக்கு, எல்லாவற்றிலும் சுழி. முன்னும் பின்னும் செய்த மற்ற கத்திகள் ஒன்றுகூட வரவில்லை. சாமி முன்னால் வைத்து எடுத்த கத்தி மட்டும் ஏன் ஆட வேண்டும்? ஊரில் அதற்கு ஒரு பதில் உடனே தயாராகிவிட்டது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"நான் சொல்லல்ல கேட்டியா. ஊர்ல சொல்லுகாவ. பூஜை எடுத்த மொதல் வேலையை ஒரு வேதக்காரன் கையால செய்ய விட்டது தப்புன்னு."

"இத்தன வருஷம் அவருதானே முதலாளி செய்தாரு?"

"அது சரிதான். அப்படின்னா அவனுக்குக் கை தளந்து போச்சு. ரெண்டுல ஒண்ணு. பங்குனி பொறந்தா அவன் துருத்திப் பக்கம் இருக்கட்டு. பூணுக்கு நான் வேற ஆளு பாக்கேன்."

பூண் மேடையிலிருந்து எழுப்பித் துருத்தி ஊதப் போகச் சொன்னால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஆனால் எனக்கு அதைவிட வேறொன்று வேதனையாக இருந்தது. ஞானமுத்துவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். அவருடைய பாட்டு நின்றுபோயிற்று. ஆணி நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஓங்கி ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். ஓங்கி அடித்தால் மரம் பொறுக்குமா? என் சில்லுகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. ஒரு நாள் பிளந்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வே, எனக்க கை போச்சோ என்னவோ."

"கை எங்கயும் போகல்ல. பேசாம இரியும்."

"மத்த கத்தி நிக்கி. சாமி கத்தி மட்டும் ஆடுகு. எனக்கே ஒரு மாதிரி இருக்கு பாத்துக்கிடும்."

தம்பிமாரே, இதை நன்றாகக் கேளுங்கள். ஒரு பொருள் குறையோடு திரும்பி வந்தால் நாம் முதலில் செய்தவனுடைய கையைத்தான் பார்ப்போம். சுலபமாகக் கண்ணில் படுவது அதுதான். நானும் அப்படித்தான் பார்த்தேன். மரம் என்னுடையது ஆனதால் என் கையையும் சேர்த்தே பார்த்தேன். பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத ஒன்று மனதில் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் பிறவிக்குணம் அது.

அந்தச் சமயம் மீன் அறுக்கிற கத்திகள் கொடுக்கக் குளச்சலுக்குப் போக வேண்டியிருந்தது. மாடசாமி விட்டுப்போன கத்தியை மடியில் செருகிக்கொண்டேன். ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாவிதர் கடை. அவரும் ஐப்பசியில் பூஜைக் கத்தி வாங்கியவர். அதைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். சுழி இருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டுப்படவில்லை.

"ஒரு முடி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முடியா? சவரக்கடைல வந்து முடி கேக்கிய மொத ஆளு நீருதான். தரையைப் பாரும் ஓய். எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கிடும். காசு வேண்டாம்."

தரையிலிருந்து ஒரு முடியை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். போகவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் போகவில்லை. அதே முடியை ஆரல்வாய்மொழிக் கத்தியில் வைத்தேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கிற்று.

"இதுக்கு என்ன கொறை? கல்லு மாதிரி இருக்கு" என்றார் அவர்.

கடற்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றேன். ஒரே நாள், ஒரே மரம், ஒரே பித்தளை, ஒரே கை. கடலோரத்துக் குளச்சலில் இறுக்கமாக நிற்கிறது, மலையிடுக்கு ஆரல்வாய்மொழியில் ஆடுகிறது. இதில் ஞானமுத்து எங்கே வருகிறார்?

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அப்போ குளச்சல்காரனுக்கு மட்டும் நல்லா அடிச்சானாக்கும்?"

"அடிக்கையில எது எந்த ஊருக்குப் போகும்னு அவருக்கு எப்படித் தெரியும் முதலாளி?"

"சரி, பின்ன காரணம் என்ன? சொல்லு" என்றார்.

"தெரியல்ல."

"தெரியாம எங்கிட்ட வந்து நிக்காதே மக்கா. மாடசாமிக்கு நான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். இவன் குற்றவாளி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. பின்னே எது என்று காட்டினால்தான் ஒரு மனிதனைக் காப்பாற்ற முடியும்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். எங்கள் வீட்டில் சுவரோடு சேர்ந்த சாமி மாடத்துக்கு ஒரு மரக்கதவு உண்டு. நான் திரியைத் தூண்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன். மறுபடியும் திறந்தது.

"இதுக்கு என்ன கேடு?" என்றேன்.

என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து சொன்னாள்: "அதோட ஏன் மல்லுக்கெட்டுதிய? ஐப்பசில தோளை வச்சுத் தள்ளினியளே, மறந்து போச்சா? மழையில ஊதும், வெயில்ல ஒடுங்கும். மரந்தானே."

மரந்தானே. காலமெல்லாம் மரத்தோடு கிடந்தவன் நான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை எங்கே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. குளச்சல் காற்று ஈரக்காற்று. ஆரல்வாய்மொழிக் காற்று கோவணத்தைக்கூட நிமிஷத்தில் உலர்த்திவிடும். அங்கே மரம் ஒடுங்கும். மரம் ஒடுங்கும், பித்தளை ஒடுங்காது. அப்போது இடுக்கு விழத்தான் செய்யும். ஆனால் எங்களுடைய மற்ற கத்திகளும் ஆரல்வாய்மொழியில்தானே இருக்கின்றன? அவை ஏன் ஆடவில்லை? அவற்றின் சில்லுகள் உலைக்கு மேலே பரணில் கிடந்து, ஒடுங்க வேண்டியதெல்லாம் ஒடுங்கி முடித்தபிறகு பூண் கண்டவை. பூஜைச் சில்லு மட்டும் பரணிலிருந்து இறங்கி...

விளக்கைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். அந்தச் சந்தனப் பொட்டு நினைவுக்கு வந்தது. பச்சைச் சுண்ணாம்புச் சுவர். கழுவிவிட்ட தரை. வாழைத்தண்டு, ஈர இலை, தெளித்த தீர்த்தம். சாத்திய கதவு. வெளியே மழை. சந்தனம் காயாத அறையில் மரம் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? நனைந்து ஊதிய மரத்தில் நாங்கள் மகிழ்ச்சியோடு பூண் அடித்திருக்கிறோம். அம்பாளின் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது வெறும் ஈரம்.

இதை முதலாளியிடம் போய் எப்படிச் சொல்வது? நீங்கள் ஆசையாகக் கட்டிய சாமி அறைதான் கத்தியைக் கெடுத்தது என்றா? நினைக்கவே பாவம் மாதிரி இருந்தது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கரண்டியோடு வந்து நின்று முழுவதும் கேட்டாள்.

"நீங்க சாமி கோவிச்சுக்கிடும்னு பயப்படுதியளா, மொதலாளி கோவிச்சுக்கிடுவாருன்னு பயப்படுதியளா?"

நான் மறுபடியும் மாடத்துக் கதவைச் சாத்தப் போனேன்.

"சாமியானா நான் சொல்லிக்கிடுகேன். மொதலாளியானா நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாயால் சொன்னால் முதலாளிக்கு நெஞ்சில் அடித்ததுபோல் இருக்கும், நம்பவும் மாட்டார். அவரே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சிவராத்திரி வந்துகொண்டிருந்தது. வருஷந்தோறும் நான் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் சிவாலய ஓட்டம் ஓடுகிறவன். புறப்படுவதற்கு முன் முதலாளியைப் பார்த்தேன்.

"முதலாளி, ரெண்டு சோடிச் சில்லு இழைச்சு வச்சிருக்கேன். ஒண்ணைச் சிவராத்திரிக்கு உங்க சாமி அறையில, நவராத்திரிக்கு வச்ச மாதிரியே தரையைக் கழுவி, தீர்த்தம் தெளிச்சு, கதவைச் சாத்தி வையுங்க. இன்னொண்ணு பரணிலேயே கெடக்கட்டும். எது எதுன்னு உள்பக்கம் நீங்களே அடையாளம் போட்டுக்கிடுங்க. எங்கிட்டயும் சொல்லாண்டாம், ஞானமுத்துகிட்டயும் சொல்லாண்டாம்."

"எதுக்குலே இது?"

"ஒரு சந்தேகம். அது பொய்யாப் போச்சுன்னா பங்குனிக்கு நீங்க சொன்னபடி நடக்கட்டும். நான் வாயத் தெறக்க மாட்டேன்."

சாமி முன்னால் ஒன்றை வைப்பதற்கு அவர் மறுப்பு சொல்கிறவர் இல்லை. சரி என்றார்.

விசிறியும் கையுமாக, ஓட்டத்தின் வழக்கப்படி "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு கூட்டத்தோடு ஓடினேன். ஒவ்வொரு கோயில் குளத்திலும் முங்கி, ஈர வேட்டியோடு அடுத்த கோயிலுக்கு. மற்றவர்கள் பிள்ளை வரமும் நோய் தீரவும் வேண்டிக்கொண்டு ஓடினார்கள். முதலாளியின் சாமி அறை ஈரமாக இருக்கட்டும் என்று சாமியிடமே வேண்டிக்கொண்டு ஓடியவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்படி வேண்டலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைக் காட்டு என்று மட்டும் கேட்டால் தப்பில்லை என்று தோன்றிற்று. அப்படியே மாற்றி வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கால் வீங்கி, நொண்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தேன். முதலாளி இரண்டு சோடிச் சில்லையும் ஞானமுத்துவின் முன்னால் வைத்தார். ஞானமுத்து கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சுத்தியலை ஓங்கினார். இவர் ஓங்கி அடித்து இரண்டையும் பிளந்துவிட்டால் எல்லாம் போச்சு.

"வே, ஞாயித்துக்கிழமைப் பாட்டு என்னாச்சு? அதப் பாடிக்கிட்டு அடியும்" என்றேன்.

"உமக்கு எனக்க பாட்டு எதுக்கு? நீருதான் ஊரெல்லாம் கோவிந்தா போட்டுட்டு வந்திருக்கீருல்லா."

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அதனாலதான் உம்மப் பாடச் சொல்லுகேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மனிதனுக்குத் தோள் இறங்கும். பாட்டு மெல்ல வந்தது. பாட்டோடு பழைய தட்டலும் வந்தது. இரண்டு கத்தியும் முடிந்தன. முடி வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் நுழையவில்லை.

"ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்றார் முதலாளி.

"இப்போ நல்லாத்தான் இருக்கும் முதலாளி. உலைக்கு மேல பரணில போடுங்க. அங்க காயுறது ஆரல்வாய்மொழிக்குப் போய்ட்டு வந்த மாதிரிதான்."

ஒரு வாரம்போல உலைச் சூட்டில் அவை கிடந்தன. பங்குனி நெருங்கிவிட்டது. புதிய ஆள் ஒருவர் வந்து பூண் மேடையை எட்டிப் பார்த்துவிட்டுக்கூடப் போனார். ஞானமுத்து பார்த்தும் பார்க்காததுபோல் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குறித்த நாளில் முதலாளி தாமே பரணிலிருந்து கத்திகளை எடுத்தார். முடிக்காகக் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் கிடைக்காது, வழுவழுவென்று இருக்கும். ஞானமுத்து தம் தலையைக் குனிந்து காட்டினார். முதலாளி ஒரு முடியைப் பிடுங்கினார். முதல் கத்தியில் வைத்தார். நின்றது. இரண்டாவது கத்தியில் வைத்தார். முடி உள்ளே போயிற்று. இழுத்தார், மறுபக்கம் வந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் போயிற்று.

கத்தியை விரித்து உள்பக்கம் பார்த்தார். தாம் போட்ட பென்சில் புள்ளியைப் பார்த்தார்.

"இது சாமி அறையில இருந்தது" என்றார்.

அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்குச் சந்தனம் காயாம இருந்துதே முதலாளி" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் விழுந்தது. உலைக்காரர்கூடத் துருத்தியை நிறுத்திவிட்டார். முதலாளி அந்த அறைக்காக எத்தனை ஆசைப்பட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ என் சாமி அறைதான்..." என்று இழுத்தார்.

அவரை அந்த இடத்திலிருந்து மீட்டது நான் இல்லை. ஞானமுத்துதான்.

"சாமிக்கு ஒரு கொறையும் இல்ல முதலாளி. பச்சைச் சுவருதான். எனக்க வீட்டுச் சுவரும் மொத வருஷம் அப்படியேதான் வேர்த்துது, வேதப்புத்தகம்கூடப் பூசணம் பூத்துப்போச்சு. ரெண்டு கோடை கண்டா எல்லாம் சரியாவும்."

முதலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் பட்டறையில் வழக்கமில்லை. "மாடசாமிக்க கத்தியை நீயே கொண்டு போய்க் குடுத்துட்டு வாறியா ஞானமுத்து?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்த கத்திகளின் மரம் இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது. பழைய ஆணியை அகற்றிப் புது ஆணி அடித்து, ஞானமுத்து அவற்றைத் தாமே ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார். மாடசாமி கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த மாப்பிள்ளைக்கு இன்னொரு கல்யாணமா செய்து வைக்க முடியும்?" என்றாராம். பிறகு மோர் கொடுத்தாராம். பங்குனி பிறந்தது. புதிய ஆள் வரவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். குறையோடு ஒரு பொருள் திரும்பி வந்தால், அது யார் கையால் ஆனது என்று கேட்பதற்கு முன், உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கே படுத்திருந்தது என்று கேளுங்கள். இங்கிருந்து போன பிறகு எங்கே படுத்திருந்தது என்றும் கேளுங்கள். நல்ல சகுனமாகத் தெரிவதையும் ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்கள். அதில் பக்திக்குக் குறைவு இல்லை. கடவுள் படைத்த மரத்தை அதன் குணம் அறிந்து நடத்துவதும் அவருக்குச் செய்கிற மரியாதைதான் என்பது என் நம்பிக்கை.

அடுத்த நவராத்திரிக்கும் மழை பிடித்துக்கொண்டது. அஷ்டமி அன்று கருவிகள் பூஜை அறைக்குப் போயின. ஞானமுத்துவின் சுத்தியலும் போயிற்று. சில்லுக் கூடையை நான் பரணிலிருந்து இறக்கவில்லை. இறக்கு என்று முதலாளியும் சொல்லவில்லை. ஆனால் முதலாளியம்மாவுக்கு மனம் கேட்கவில்லை, அரைவேலைப் பொருள் சாமியைப் பார்க்காமல் எப்படி முதல் வேலை தொடங்குவது என்று வருத்தப்பட்டார்கள்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் முதலாளி கற்பூரத் தட்டோடு அறையைவிட்டு வெளியே வந்தார். தூறலில் அணையாமல் கையால் மறைத்தபடி முற்றத்தைக் கடந்து கொட்டகைக்குள் நுழைந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். உலைக்கு முன்னால் நின்று, தலைக்கு மேலே தட்டைத் தூக்கி, பரணுக்குத் தீபாராதனை காட்டினார்.

"சில்லு அங்க வரண்டாம். சாமி இங்க வருவாரு" என்றார்.

பிறகு ஒரு சில்லை இறக்கி, சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்து, ஞானமுத்துவின் கையில் கொடுத்தார். உலைச் சூட்டில் கிடந்த மரம். ஞானமுத்து பித்தளையை எடுத்துப் பொருத்துவதற்குள் சந்தனம் வெளுத்துக் காய்ந்து, ஓரத்தில் பொரிந்து உதிர்ந்தது. முதலாளி அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல சகுனம். அடி மக்கா" என்றார்.